துவைக்காத புடவை

பஸ்ஸில் ரத்னாவுக்குப் பக்கத்து சீட்டு பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கும். கூட்டம் நெருக்குகிற நேரத்தில் யாராவது ஒரு பெண் வந்து உட்காருவாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்ப்பாள். அப்புறம் அடுத்த ஸ்டாப்பில் இறங்கப்போகிறவள் மாதிரி எழுந்து நின்றுகொள்வாள். ஆனால் இறங்க மாட்டாள். கம்பியைப் பிடித்தபடி பெருங்குடி வரைக்கும் நின்றே வருவாள். ரத்னா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பட்டினப்பாக்கம் மீன் கடைகளில் மீனைச் சுத்தம் பண்ணித் தருகிற வேலை அவளுக்கு. வேலை முடிந்ததும் புளியைக் கரைத்துக் கை கழுவுவாள். எலுமிச்சைத் தோலை நகக்கண்ணில் தேய்ப்பாள். டீக்கடையில் கெஞ்சி வாங்கிய காப்பி மண்டியை முழங்கை வரைக்கும் பூசிக் கழுவுவாள். வேலைப் புடவையை அவிழ்த்துச் சுருட்டிப் பைக்குள் திணித்துவிட்டு வேறு புடவை கட்டிக்கொண்டுதான் பஸ் ஏறுவாள். என்ன செய்தும் அந்த நாற்றம் அவளுக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துவிடும்.

உலகத்தில் ஒரே ஒரு ஜீவனுக்குத்தான் அந்த நாற்றம் பிடித்திருந்தது. ஏழாம் மாடியில் அவள் சாவியைப் போடும் முன்பே கதவுக்கு அந்தப் பக்கம் பரபரவென்று பிராண்டும். திறந்தால் வெள்ளைப் பந்து ஒன்று காலில் வந்து மோதும். பாதம், கணுக்கால், முந்தானை, கை என்று ஒவ்வொரு இடமாக மோந்து பார்த்துவிட்டு அவள் கையை நக்க ஆரம்பிக்கும். பன்னு என்று பெயர். முழங்கால் உயரம்கூட இல்லாத சடை நாய்.

அந்தப் பன்னுவைத்தான் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்ற நிலைமை வந்திருந்தது.

அன்றைக்கு விடிந்ததிலிருந்து தூறல். ஐப்பசிக் கடல் கலங்கிப்போய் நிறைய படகுகள் கரையிலேயே கிடந்தன. வந்த கொஞ்சம் மீனுக்குக் கூட்டம் மொய்த்தது. மந்தைவெளியிலிருந்து வந்த ஒருவருக்கு ரத்னா சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். மீன் வழுக்காமல் இருக்கக் கையில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, வாலிலிருந்து தலைப் பக்கமாகச் சுரண்டினால் செதில் பொரிப்பொரியாகத் தெறிக்கும். கன்னத்தில் ஒட்டும், இமையில் ஒட்டும். செவுளைக் கிள்ளி இழுத்து, வயிற்றைக் கீறி, குடலை வழித்து எறிந்து, அரிவாள்மனையில் துண்டு போடுகிற வரைக்கும் அவள் கண் மீனைப் பார்ப்பதே இல்லை. கைக்கு எல்லாம் தெரியும்.

"இன்னாக்கா, கண்ணு செவந்து கீது? தூங்கலியா?" என்றாள் கயல். அவள் கடையை ஒட்டித்தான் ரத்னா மனை போட்டு உட்காருவது. கயல் சின்னவள், வாய் பெரியது.

"எங்க தூங்குறது. கீழ் வூட்டுக்காரரு மறுபடி வந்து கதவத் தட்டினாரு. நா இங்க வந்தப்பால அது சாயங்காலம் வரைக்கும் ஊளையிட்டுக்கினே கீதாம். அவரு நைட் டூட்டிக்காரரு. பகல்ல தான் தூக்கம்."

"ரெண்டு வார்த்த நல்லா கேட்டுட்டு அனுப்ப வேண்டியது தானே?"

"சண்டைக்கு வந்திருந்தா கேட்டிருப்பேனே. அவரு கையெடுத்துக் கும்புடுறாரு. 'அம்மா, கோச்சிக்காதீங்க, தூங்காம போனேன்னா மிஷின்ல கை மாட்டிக்கும்'ங்கிறாரு. அதுக்கு இன்னான்னு பதில் சொல்றது?"

"அதுவும் ஞாயந்தான்."

"ஞாயமா கீறதுதான் பேஜாரு."

முன்பு இந்தத் தொல்லை இல்லை. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருந்தது அவர்கள் வீடு. ரத்னாவின் புருஷன் துரைராஜ் மீன்பாடி வண்டி ஓட்டினான். ஒருநாள் ஃபோர்ஷோர் எஸ்டேட் பக்கம் ஐஸ் இறக்கப் போனவன், வீடு காலி பண்ணிப் போன யாரோ இந்த நாயை மட்டும் கேட்டில் கட்டிவிட்டுப் போயிருந்ததைப் பார்த்தான். சாயங்காலம் திரும்பி வரும்போதும் அது அதே கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றது. டீக்கடையில் ஒரு பன் வாங்கிப் பிய்த்துப் போட்டான். அன்றிலிருந்து வண்டியின் முன்பலகையில் அதற்கு ஓர் இடம். மீன்கூடைக்கு முன்னால் காதை விரித்துக்கொண்டு சாந்தோம் ரோட்டில் ராணி மாதிரி போகும். பிள்ளை இல்லாத வீட்டில் அவன் அதோடுதான் பேசுவான். "உங்கம்மா இன்னிக்கு ரொம்ப காரமா வெச்சிட்டா, இன்னா பன்னு?" என்பான். ரத்னா உள்ளேயிருந்து கரண்டியைத் தட்டுவாள்.

போன வருஷம் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அரசாங்கத்தில் கரையோர வீடுகளை இடித்து எடுத்தார்கள். ரத்னாவுக்குப் பெரும்பாக்கத்தில் ஏழாம் மாடியில் வீடு கிடைத்தது. சுவரெல்லாம் பளிச்சென்றுதான் இருந்தது. வேலை மட்டும் பழைய கரையிலேயே இருந்தது.

அவளும் என்னென்னவோ செய்து பார்த்தாள். பன்னுவைக் காய்கறிப் பையில் போட்டு, மேலே முருங்கைக்கீரையைப் பரப்பி பஸ் ஏறினாள். திருவான்மியூர் தாண்டும்போது கீரை தும்மிவிட்டது. கண்டக்டர் சிரித்துக்கொண்டேதான் இறக்கிவிட்டார். ஷேர் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தாள். மார்க்கெட்டில் குடல் தின்று கொழுத்த நாய்கள் சேர்ந்து துரத்தி, காதைக் கிழித்துவிட்டன. மறுபடி வீட்டிலேயே பூட்டினாள். ஒருநாள் அது பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே தலையையும் முன்னங்காலையும் நுழைத்துக்கொண்டு பாதி உடம்பு வெளியே தொங்க நின்றதாம். எதிர் பில்டிங் பெண்கள் கத்திய கத்தலில் கீழே தார்ப்பாய் பிடிக்க ஆள் கூடிவிட்டது. அன்று ராத்திரி ரத்னா அந்தக் கம்பி இடைவெளியில் தன் கையை விட்டு விட்டுப் பார்த்தாள். அவள் தோள் வரைக்கும் தாராளமாகப் போயிற்று.

"ஐஸ் கம்பெனிக்காரன் மச்சான் இன்னும் கேட்டுக்கினு கீறான்க்கா," என்றாள் கயல். "பொட்ட நாயி, வருஷத்துக்கு ரெண்டு தபா குட்டி எடுக்கலாம்னு."

"அது இன்னா மிஷினா? கூண்டுல போட்டு குட்டி குட்டியா எடுத்துக்கினே இருப்பான். அப்பால ரோட்ல உட்டுடுவான். போடி."

"அப்ப அந்த திருவல்லிக்கேணிப் பொண்ணாண்ட சொல்லு. ரூபீனா. நாயிங்களுக்கு வூடு பாத்துக் குடுக்குற கும்பல் தானே அது."

ரூபீனா வாரம் ஒருமுறை ஸ்கூட்டரில் வருவாள். அவளும் சிலரும் சேர்ந்து அடையாறில் கைவிடப்பட்ட நாய், பூனைகளை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அங்கே இருக்கிற பூனைகளுக்காக ரத்னா ஒதுக்கி வைக்கிற மீன் தலைகளை எடுத்துப் போவாள். சொன்னதும் அவள் மறுக்கவில்லை. பெரும்பாக்கத்துக்கே வந்து பன்னுவை மடியில் வைத்துப் பார்த்தாள். காதுப் புண்ணுக்கு மருந்து போட்டாள். ஊசி போட வைத்தாள். குட்டி போடாமல் இருக்க ஆபரேஷனும் பண்ணிக் கூட்டி வந்தாள்.

"இது பண்ணாம யாருக்கும் குடுக்க மாட்டோம்க்கா. பாதி பேர் இதக் கேட்டதுமே ஓடிடுவாங்க. ஓடறவங்க நமக்கு வேணாம்."

தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டிய பெரிய பிளாஸ்டிக் புனலோடு பன்னு சுவரில் முட்டி முட்டி நடந்தது. ரத்னா அந்தச் சில நாள் வேலைக்குப் போகாமல் கையால் ஊட்டினாள்.

ஒரு மத்தியானம் ரூபீனா மார்க்கெட்டுக்கு வந்து போனை நீட்டினாள். "வீடு கிடைச்சாச்சு. ஒருத்தர் மொட்டை மாடியில காவலுக்குக் கட்டணும்னார், வேணாம்னுட்டேன். இவங்க நல்ல மாதிரி. போய் உக்காந்து பேசிட்டு வந்தேன். மயிலாப்பூர். ராஜகோபாலன் சார், ஜானு மாமி. ரெண்டே பேர். முதல் மாடி, ஜன்னலுக்கெல்லாம் வலை அடிச்சிருக்கு. முன்ன ஒரு நாய் வச்சிருந்து அது வயசாகிப் போயிடுச்சாம். ஒருத்தர் மாத்தி ஒருத்தர் எப்பவும் வீட்டுல இருப்பாங்க."

ரத்னா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். போனைத் தொடவில்லை. கூடத்தில் ஊஞ்சல். சுவரில் வரிசையாகச் சாமி படங்கள். தரை கண்ணாடி.

"ஐயர் வூடா?"

"ஆமாங்க்கா. அதனால என்ன?"

"ஒண்ணும் இல்ல."

"பன்னு பத்தி கேட்டாங்க. என்ன சாப்பிடும்?"

ரத்னா அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தயிர்சோறு," என்றாள்.

கயல் தராசைப் பிடித்த கையோடு திரும்பிப் பார்த்தாள்.

"அதுக்குப் போட்டுப் படுக்க நீங்க கட்டின புடவை ஒண்ணு குடுங்க," என்றாள் ரூபீனா. "உங்க வாசனை பக்கத்துல இருந்தா புது இடத்துல பயப்படாது."

உங்க வாசனை என்று அந்தப் பெண் சாதாரணமாகத்தான் சொன்னாள். ரத்னாவுக்குக் காது மடல் சுட்டது.

ஸ்கூட்டர் போனதும் கயல் பிடித்துக்கொண்டாள். "ஏங்க்கா, எப்பக்கா அது தயிர்சோறு துன்னுச்சி? தயிர பாத்தா மூஞ்சிய திருப்பிக்கும். மீன் தல வேவ வெச்சி சோத்துல பெசஞ்சா தானே அதுக்கு உள்ள எறங்கும்?"

"நீ சும்மா கெட. மீன் தலன்னு சொன்னா அந்த வூட்ல வாசப்படி ஏத்துவாங்களா?"

"பசிச்சா துன்னும்ங்கிறியா?"

"பசிச்சா துன்னும். நம்ம இன்னா எல்லாம் புடிச்சா துன்னுறோம்?"

கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் மழை விட்டு வெயில் அடித்தது. ரத்னா பன்னுவுக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினாள். பல்லிடுக்கு வரைக்கும் துணியால் துடைத்தாள். இருக்கிற புடவைகளில் கிழிசல் இல்லாத நூல் புடவை ஒன்றை எடுத்தாள். துரைராஜ் வாங்கிக் கொடுத்தது. வேலைக்குக் கட்டிக் கட்டிச் சாயம் போயிருந்தது. சோப்புத்தூளில் ஊற வைத்து, பிரஷ் போட்டு, அடித்துத் துவைத்து, வாசனைத் திரவம் ஊற்றி அலசி, பால்கனியில் காயப் போட்டாள். காய்ந்ததை மூக்கில் வைத்துப் பார்த்தாள். திருப்தி வரவில்லை. மறுபடி நனைத்தாள். சாயங்காலம் சாம்பிராணிப் புகை காட்டி மடித்து வைத்தாள். அந்த வீட்டு அம்மா முகம் சுளிக்க அதில் இப்போது ஒன்றும் இல்லை. யாருடைய புடவை என்று சொல்லவும் அதில் ஒன்றும் இல்லை. அது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

காலையில் ரூபீனா ஆட்டோவில் கூடையோடு வந்தாள். பன்னு வாலை ஆட்டிக்கொண்டு தானாகவே கூடைக்குள் போய் உட்கார்ந்தது. வண்டி என்றால் அதற்கு துரைராஜின் ஞாபகம்தான் போல.

"கொஞ்ச நாள் பாப்போம்க்கா. ஒத்து வரலேன்னா அவங்க வேற யாருக்கும் தர முடியாது, எங்ககிட்டதான் திருப்பித் தரணும். பேசி வச்சிருக்கேன். நீங்க மட்டும் கொஞ்ச நாளைக்கு அதும் கண்ணுல படாதீங்க. உங்களப் பாத்தா மறுபடி ஏங்கும்."

"நா எங்க அங்க வரப்போறேன்," என்றாள் ரத்னா.

அன்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவள் கதவைத் திறக்கும்போதே வலது காலைக் குறுக்கே வைத்தாள். திறந்ததும் பன்னு வராந்தாவுக்கு ஓடிவிடாமல் தடுக்கிற கால் அது. காலில் ஒன்றும் மோதவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே ஒற்றைக் காலில் நின்றாள். உள்ளே போய் உலை வைத்தாள். வழக்கம்போல இரண்டு மீன் தலையை எடுத்து வந்திருந்தாள். அதை வேக வைத்த பிறகுதான் யாருக்கு என்று யோசித்தாள். தானே தின்றாள். பக்கத்து வீட்டு டி.வி. சுவர் வழியாகக் கேட்டது. கீழ் வீட்டுக்காரர் வேலைக்குப் போகும்போது மாடியேறி வந்து, "நாய் சத்தம் இல்லியே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார். குடுத்துட்டேன் என்றாள். அவர் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த நாள் ரூபீனா போன் பண்ணினாள். "சாப்பிட மாட்டேங்குதுக்கா. தயிர்சாதத்த மோந்து பாத்துட்டுப் போய் வாஷிங் மிஷின் பின்னாடி படுத்துக்குது. தண்ணி மட்டும் குடிக்குது. புடவைகிட்டயும் போக மாட்டேங்குது. வேற ஏதாச்சும் பழக்கம் இருக்கா?"

ரத்னா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். சோறு இறங்கவில்லையாம். நான் இல்லாமல் இறங்கவில்லையாம்.

"புது எடம் இல்ல," என்றாள். "போவப் போவ சரியாயிடும்."

போனை வைத்த பிறகுதான் தன் முகத்தில் சிரிப்பு இருப்பது அவளுக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலம் இரண்டு சங்கராத் தலையை நல்லதாகப் பார்த்து எடுத்து ஐஸில் ஒதுக்கி வைத்தாள்.

மறுநாளும் போன் வந்தது. "எதையும் தொடலைக்கா. மாமி அழறாங்க. டாக்டர் டிரிப் போடணும்ங்கிறார். இன்னிக்கும் சாப்பிடலேன்னா கூட்டிட்டு வந்துடறேன். அப்புறம் வேற யோசிப்போம்."

"சரி," என்றாள் ரத்னா. ஒரு வார்த்தைதான். அதைச் சொல்லிவிட்டு மீனைக் கையில் எடுத்தாள். வஞ்சரம். வாடிக்கைக்காரர் மெல்லிசாகத் துண்டு கேட்டிருந்தார். மனையில் அழுத்த அழுத்தத் துண்டுகள் தடிதடியாக விழுந்தன.

"இன்னாக்கா, யாரு போன்ல?"

"பன்னு துன்னலையாம். திருப்பி இட்டாந்து உட்டுடுவாங்களாம்."

கயல் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். "அப்படிப் போடு! தயிர்சோறு வேல செஞ்சிடுச்சி. நா கூட அன்னிக்கு இது இன்னா பொய் சொல்லுதுன்னு நெனச்சேன். வேணும்னு தான் சொன்னியா? ஆனாலும் கெட்டிக்காரிக்கா நீ. நாயி கைய உட்டுப் போவாம எப்படி முடிச்சி போட்டு வெச்சிருக்க!"

"நா வேணும்னு சொல்லலடி."

"அட சொன்னா தான் இன்னா? உன் நாயி, உன்னாண்ட வருது. வரட்டும்."

வரட்டும். வந்தால் கதவில் மோதும். கையை நக்கும். காலையில் அவள் பூட்டிவிட்டு இறங்குவாள். அது ஊளையிடும். கீழ் வீட்டுக்காரர் கை மிஷினுக்குள் போகும். அது ஊளையிட்டு ஓய்ந்த பிறகு பால்கனிக்குப் போகும். இந்த இரண்டு நாளில் பட்டினியாகக் கிடந்து அதன் உடம்பு இன்னும் இளைத்திருக்கும். கம்பிக்கு நடுவே இப்போது இடுப்பும் சுலபமாக நுழையும்.

ரத்னா அரிவாள்மனையை விட்டு எழுந்தாள். சாம்பல் கையோடு போனை எடுத்து அழுத்தினாள்.

"ரூபீனாம்மா, கோச்சிக்காத. அது தயிர்சோறு துன்னாது. மீன் தல தான் துன்னும். வேவ வெச்சி, முள்ளு எடுத்துட்டு, சோத்துல பெசஞ்சி. அந்த வூட்ல சேத்துக்க மாட்டாங்களேன்னு நா பொய் சொல்லிட்டேன்."

சாம்பல் ஒட்டிய போனை அடுத்த காதுக்கு மாற்றினாள்.

"இன்னொண்ணு. நீ கேட்ட புடவைய தோச்சிக் குடுத்துட்டேன். ஒரு தபா இல்ல. சாம்பிராணி வேற காட்டினேன்."

"ஐயோ அக்கா! அது துணிக் கடைப் புடவை மாதிரில்ல ஆயிருக்கும் அதுக்கு?"

"இப்ப கட்டிக்கினு கீற புடவைய அவுத்துத் தரேன். காலைல இருந்து மீன் ரத்தம், செதில் எல்லாம் இதுலதான் கீது. எங்க வரணும் சொல்லு."

வேறு புடவை மாற்றிக்கொண்டு, வேலைப் புடவையை அப்படியே ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் சுருட்டி, இறுக்கி முடிச்சுப் போட்டாள். கயலிடம் மனையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நடந்தாள். மறுபடி தூற ஆரம்பித்திருந்தது. மந்தைவெளி தாண்டி, தேரடிப் பக்கம் திரும்பி, குளத்தை ஒட்டிப் போனாள். பூக்கடைக்காரி ஒருத்தி அவள் கடந்ததும் மூக்கை மூடினாள். அன்றைக்கு ரத்னா அதைக் கவனிக்கவில்லை.

தெருமுனையில் ரூபீனா நின்றிருந்தாள். கூடவே, நனைந்த குடையோடு ஓர் அம்மாள். ஒல்லி. நெற்றியில் பொட்டு கலைந்திருந்தது.

"நீங்கதான் ரத்னாவா? ரூபீனா எல்லாம் சொல்லித்து. ஆத்துக்குள்ள வாங்கோன்னு கூப்பிடக்கூட முடியலையே. உங்களப் பாத்தா அது ஏங்கிப் போயிடுமாமே."

"இல்லம்மா. நா எட்டவே நிக்கறேன். மேல வாசன அடிக்கும்."

"நன்னாருக்கு போங்கோ. அந்த வாசனைக்குத்தானே இங்க ஒருத்தி ரெண்டு நாளா பட்டினி கிடக்கறா. அவ சாப்பிடாம எனக்கும் தொண்டைல இறங்கலை." ஜானு மாமி பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "பிரிக்கலாமா?"

"வோணாம்மா. வூட்ல போயி..."

அதற்குள் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. மாமி மூச்சை அடக்கினாள். ரத்னாவுக்கு அது நன்றாகத் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு நின்ற மாமி மெல்ல மூச்சை விட்டாள். சிரிப்பு வந்துவிட்டது. "பலமாத்தான் இருக்கு," என்றாள்.

ரத்னாவும் சிரித்தாள். தன் நாற்றத்தை வைத்து அவள் அதற்கு முன் சிரித்ததில்லை.

"ஐயா ஒண்ணியும் சொல்ல மாட்டாரா?"

"சொல்லுவார். சொல்லட்டுமே. மீன் வாசனையா ஒரு பாக்கெட் தீனி இந்தப் பொண்ணு இப்பதான் வாங்கிக் குடுத்துது. பாக்கெட்ல மீன் படம் போட்டிருக்கோன்னோ, அவர் அதுக்கு ஹிந்து பேப்பரைச் சுத்தி ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருக்கார். ஆனா தூக்கிப் போடலை."

மாடியிலிருந்து ஆண் குரல் கேட்டது. "ஜானு! என்ன அது, தெரு பூரா நாறறது?"

"பன்னுவோட அம்மா வந்திருக்கா! புடவை கொண்டு வந்திருக்கா!"

"கூடத்துல வேண்டாம். பால்கனில போடு," என்றது குரல். அப்புறம், "மழைல நிக்க வெக்காதே அவாளை," என்றது.

அப்போது மேலே ஒரு குரைப்பு. ஒரே ஒரு குரைப்பு, கேள்வி கேட்கிற மாதிரி. காற்று தெருவிலிருந்து அந்த ஜன்னல் பக்கம்தான் வீசிக்கொண்டிருந்தது. அடுத்து நகங்கள் தரையில் பறக்கிற சத்தம்.

"போங்கம்மா," என்றாள் ரத்னா. "கதவத் தொறக்கறதுக்குள்ள நா போயிடறேன்."

ஓடவில்லை. ஓடினால் கால் சத்தத்தை அது கண்டுபிடித்துவிடும். சுவரை ஒட்டி நடந்து, திருப்பம் வந்த பிறகுதான் நின்றாள். குரைப்பு இரண்டு மூன்று முறை கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. நனைந்துகொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். கேட்கவே இல்லை.

சாயங்காலம் ரூபீனா செய்தி சொன்னாள். பன்னு புடவையைப் பல்லால் கவ்வி வாஷிங் மிஷினுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனதாம். அதன்மேல் சுருண்டு படுத்துத் தூங்கியதாம். எழுந்து தட்டை நக்கிக் காலி பண்ணியதாம். ரத்னா "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுக்கொண்டாள். ஐஸில் வைத்திருந்த சங்கராத் தலைகளை எடுத்துப் பூனைகளுக்கான பையில் போட்டாள்.

மழை ஓய்ந்து மார்கழி வந்தது. கடற்கரையில் காலையில் பனிமூட்டம் நின்றது. ரூபீனா வாரா வாரம் வந்தாள். வரும்போதெல்லாம் ஏதாவது சொன்னாள். பன்னு இப்போது கூடத்தில் படுக்கிறது. பன்னு இப்போது ஊஞ்சலுக்கு அடியில் படுக்கிறது. ஒருநாள் போனில் வீடியோ காட்டினாள். பனியனும் வேட்டியுமாக ஒரு பெரியவர் ஊஞ்சலில் பேப்பர் படிக்கிறார். அவர் பாதத்தின்மேல் பன்னு தலையை வைத்துத் தூங்குகிறது. கொழுத்திருந்தது. காதுப் புண் ஆறி முடி முளைத்திருந்தது.

"ஊஞ்சல ஆட்ட மாட்டேங்கிறாராம், அது எழுந்துடும்னு," என்றாள் ரூபீனா.

ரத்னா இன்னொரு முறை காட்டச் சொன்னாள். "புடவை காணமே?"

"ஆமாங்க்கா, சொல்ல மறந்துட்டேன். இப்பல்லாம் அது புடவைகிட்டயே போறதில்லையாம். சார் கால்மாடுதான். மாமி உங்ககிட்ட திருப்பிக் குடுக்கச் சொன்னாங்க." ஸ்கூட்டரிலிருந்து ஒரு துணிப் பையை எடுத்துக் கொடுத்தாள். கூடவே வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு டப்பாவில் தேங்காய் பர்ஃபி.

பர்ஃபியை ரத்னா கயலிடம் கொடுத்தாள். பையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். வழியில் பிரிக்கவில்லை. வீட்டில் விளக்கைப் போட்டு, கையை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து பிரித்தாள்.

புடவை துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி மடிப்போடு இருந்தது. பல்லால் கிழிந்த இடத்தை யாரோ நுணுக்கமாகத் தைத்திருந்தார்கள். அவள் அதை முகத்தில் வைத்து மூச்சை இழுத்தாள். சோப்பு. சந்தனம். மடிப்பைப் பிரித்து உள்பக்கம் மோந்தாள். கொசுவம் வருகிற இடம், முந்தானை ஓரம், தைத்த இடம் என்று ஒவ்வொன்றாக மோந்து பார்த்தாள். மழையில் நனைந்த நாயின் வாடை எங்கேயாவது இருக்கும் என்று பார்த்தாள். சோப்பும் சந்தனமும் தவிர ஒன்றும் இல்லை. அந்த அம்மாள் மனதாரத் துவைத்திருந்தாள்.

நல்ல மனுஷிதான் என்று ரத்னா சொல்லிக்கொண்டாள். வாய்விட்டே சொன்னாள். பதிலுக்குப் பக்கத்து வீட்டு டி.வி. பேசிக்கொண்டிருந்தது.

மறுநாள் அந்தப் புடவையையே கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். கஞ்சி மொடமொடவென்று நின்றது. காலை பஸ்ஸில் ஒரு காலேஜ் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அடையாறு வரைக்கும் எழுந்திருக்கவில்லை. ரத்னாவின் தோளில் சாய்ந்து தூங்கவும் செய்தாள்.

"இன்னாக்கா, புதுப் புடவையா?" என்றாள் கயல்.

"பழசுதான்."

மனையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அன்றைக்குச் சங்கரா நிறைய வந்திருந்தது. சாம்பலைத் தொட்டுக்கொண்டு முதல் மீனை எடுத்துச் சுரண்டினாள். செதில் தெறித்து மடியில் விழுந்தது. தட்டிவிடவில்லை.